அய்யம்மாள் காட்டிய அளவு

மெயின் ரோட்டில் அச்சங்குளத்துக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் பலவேசத்தின் கடைசல் பட்டறை. தகரக் கொட்டகை, உள்ளே ஒரே ஒரு மிஷின், ஒரே ஒரு மனுசன். அந்த மனுசன் ஒரு கட்டில் கால் கடைந்து தருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். கடைவதில் ஒன்றும் தாமதமில்லை. கை ஓட ஆரம்பித்தால் வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரத்தில் மரம் வழுவழுவென்று வந்து நிற்கும். தாமதமெல்லாம் அதற்கு முன்னால்தான்.

மரத்தைப் பிடித்துக்கொள்கிற இரும்புப் பிடிக்குச் சக்கு என்று பெயர். பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி, மிஷினின் தண்டில் மரையோடு மரை சேர்த்துத் திருகி ஏற்றுவார்கள். பலவேசம் முதலில் தண்டின் மரையைப் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். பிறகு சக்கின் உள்மரையை ஊதி, விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஒரு தூசி இருக்கக் கூடாது. கையால் திருகி அடிவரைக்கும் கொண்டுபோய் உட்காரவைத்து, பக்கத்தில் இருக்கிற பூட்டுத் திருகை ஆலன் கீ போட்டு முறுக்குவார். இரண்டு கையாலும் சக்கைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். அசையாது. ஆனாலும் மறுபடி முறுக்குவார், மறுபடி திருப்பிப் பார்ப்பார். மூன்றாவது தடவையும் அப்படியே. அதோடு விட்டாரா? சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி உடனே அணைத்துவிட்டு, மோட்டாரின் மேல் சிவப்புப் பெயிண்டில் போட்டிருக்கிற அம்புக்குறிப் பக்கமாகத்தான் சுற்றுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் உளி கைக்கு வரும்.

"ஏ அண்ணாச்சி, சக்குக்கு என்ன காலா மொளச்சிருக்கு, ஓடிப் போறதுக்கு?" என்று எதிர்த்த டீக்கடைக்காரர் நாகையா கேலி பண்ணுவார்.

"ஓடும். ஓடியிருக்கு" என்பார் பலவேசம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அந்தக் காலத்தில் பலவேசம் இப்படி இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் காடு. மழை பெய்தால் விளையும், இல்லையென்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வானம் பார்த்து அலுத்துப்போய் சிவகாசிக்கு வந்து ஒரு கட்டில் கடையில் தொழில் பழகினார். பொண்டாட்டி பொன்னுத்தங்கத்தின் தம்பி சுடலையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக மிஷின் போட்டபோது வயது முப்பத்தைந்து. நல்ல பேச்சுக்காரர். சிரித்தால் தகரம் அதிரும். பட்டாசுக் கம்பெனி ஆர்டர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

பட்டாசுக் கம்பெனிக்கு மரம் கடைகிறவனிடம் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மருந்து இருக்கிற அறைக்குள் இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி, பொறி பட்டால் கதை முடிந்தது. ஆகவே புஸ்வாணத்துக்குள் மருந்தை அமுக்கி இறுக்குவதற்கு மரக்கட்டைதான். மருந்துக்கட்டை என்று சொல்வார்கள். வைரம் பாய்ந்த கருவேலத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி கடைந்து தர வேண்டும். பலவேசம் கட்டையென்றால் பெண்கள் கேட்டு வாங்குவார்கள், கை நோகாது என்று.

அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தி அய்யம்மாள். அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் மருந்து இறுக்குகிற வேலை. வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வந்து, கடைசலில் விழுந்த மரச்சுருளை ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு போவாள், அடுப்பு பற்றவைக்க. அடுத்த வாரத்துக்கு என்று சிவப்பு நூலால் விளிம்பு தைத்த வெறுஞ்சாக்கு ஒன்றைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். "அண்ணே, சுருளு இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்கிற குரலே ஒரு பாட்டம் சிரிப்பு மாதிரி இருக்கும். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. வாய்க்கு வாய் அண்ணே, அண்ணே என்பாள். பலவேசத்துக்கும் அவள் தங்கச்சி மாதிரிதான்.

வேலையில் அவள் அம்புட்டுக் கறார். காலையில் கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் கொண்டை ஊசி, ஊக்கு, கொலுசு, கால் மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மெட்டியக் கழத்துறாளே" என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். "மெட்டி போட்டு வெடிச்சுச் சாகுறதுக்கு, கழத்திட்டுப் பொழைக்கிறது மேலு" என்பாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசம், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, அந்தக் கம்பெனி முந்நூறு மருந்துக்கட்டை கேட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டைகளைக் கடைகிறதற்கென்று ஒரு சக்கு உண்டு. அதன் நடுவில் ஒரு எஃகுத் திருகு முளைத்து நிற்கும். கட்டையின் அடியில் துளை போட்டு, அந்தத் திருகில் கட்டையை ஏற்றினால் போதும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கடைந்து கழற்றியபின் அந்தத் துளையில் பசை தடவி, மரத்தில் செய்த முளையை அடித்து அடைத்துவிடுவது சுடலையின் வேலை.

திங்கட்கிழமை பாதியில் கரண்டு போனது. லைனில் வேலை. இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது முடிந்து, கடைசிக் கட்டைக்கு உப்புத்தாள் தேய்ப்பது மட்டும் பாக்கி. பலவேசம் சும்மா இருக்க மாட்டாமல் சக்கைக் கழற்றித் தண்டுக்கு எண்ணெய் போட்டார். மறுநாள் பத்தரை மணிக்குக் கரண்டு வந்ததும், கட்டையோடு சக்கை ஏற்றிக் கையால் ஒரே ஒரு திருகு. பூட்டுத் திருகைத் தொடவே இல்லை. "சுத்துற சுத்துல தானா இறுகிக்கும்" என்பது அன்றைய பலவேசத்தின் சித்தாந்தம். எல்லா நாளும் அப்படித்தான் இறுகியது. மிஷின் சுற்றுகிற திசை அப்படி.

ஆனால் லைன் வேலையில் எந்தக் கம்பத்திலோ இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. மூன்று பேஸ் மோட்டார். வயர் மாறினால் தலைகீழாகச் சுற்றும். சுவிட்சைப் போட்டார். இறுக வேண்டிய சக்கு கழன்றது. என்ன சத்தம் இது என்று குனிவதற்குள் சக்கும் கட்டையுமாகத் தண்டை விட்டு எகிறி, இடது முழங்கையில் ஒரு இடி இடித்து, தரைக்கல்லில் மோதி, சக்கு ஒரு பக்கமும் கட்டை ஒரு பக்கமுமாக உருண்டன. கட்டை போய் முடிந்த கட்டைக் குவியலுக்குள் சேர்ந்துகொண்டது. சதை பிளந்து ரத்தம் கொட்டியது. நாகையா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சாத்தூரில் ஏழு தையல் போட்டுக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், லோடு போய்விட்டது. தரையில் கிடந்த சக்கை எடுத்தார். நடுவில் இருந்த திருகு பாதியில் ஒடிந்திருந்தது. மீதித் துண்டைக் காணோம்.

"ஏலே மாப்ளே, இந்தத் திருகு ஒடிஞ்ச துண்டு எங்கலே?"

"எனக்கென்ன தெரியும் மச்சான்? ஒங்க ரத்தத்தத் தொடைக்கவா, துண்டத் தேடவா?"

"அந்தக் கடைசிக் கட்டையத் தனியா எடுத்து வச்சியா?"

"எல்லாத்துக்கும் மொள அடிச்சு ஏத்திவிட்டுட்டேன். டிரைவர் ஹாரன் அடிச்சே உசிர வாங்கிட்டான்."

"அடிக்கிறதுக்கு முன்னால தொளைக்குள்ள பாத்தியா?"

சுடலை விளக்குமாற்றை எடுத்தான். இரண்டு பேருமாகத் தரையைக் கூட்டினார்கள், மிஷினுக்கு அடியில் படுத்துத் துழாவினார்கள். இடுப்பளவு மரச்சுருள் குவிந்து கிடந்தது. அதைக் கையால் அளைந்தார்கள். கிடைக்கவில்லை. ஒரு விரற்கடைகூட இல்லாத எஃகுத் துண்டு. ஒன்று அது இந்தச் சுருளுக்குள் இருக்கிறது. இல்லையென்றால் முந்நூறு கட்டையில் ஒரு கட்டைக்குள், முளை அடித்து மூடி, மருந்து அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிருவமா?" என்றார் பலவேசம்.

"சொல்லுங்க. நாளைக்கே சிவகாசி பூராவும் தெரியும். பலவேசம் கட்டையில இரும்பு இருக்குன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு, அதோட நம்ம தொழிலுக்குச் சங்கு ஊதிற வேண்டியதுதான்."

அப்போதுதான் வேலையாட்களை ஏற்றி வருகிற கம்பெனி வண்டி வாசலில் நின்று, அய்யம்மாள் இறங்கினாள். சனிக்கிழமை வருகிறவள் செவ்வாய்க்கிழமையே வந்து நிற்கிறாள். மகள் வேல்விழி பெரிய மனுசியாகிவிட்டாள், வீட்டில் வருவோரும் போவோருமாக அடுப்பு அணைவதே இல்லை, அதனால் சுருள் வேண்டும். சொல்லிக்கொண்டே சாக்கில் அடைக்க ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழம சடங்கு வச்சிருக்கு அண்ணே. எனக்குன்னு கூடப் பொறந்தவன் யாரு இருக்கா? தாய்மாமன் எடத்துல நீங்கதான் நிக்கணும். சனிக்கிழம லீவு போட்டு மொறையா வந்து கூப்பிடுதேன். அதென்ன கையில கட்டு?"

"ஒண்ணுமில்ல தாயி, உளி பட்டுருச்சு" என்றார் பலவேசம்.

அவள் சாக்கை மிதித்து மிதித்து அடைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தாயி, அந்தச் சாக்கைக் கொட்டு, ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறதா பார்ப்போம் என்று சொல்ல வாய் வந்தது. அட, சொல்லித் தொலைத்தால் என்ன? ஆனால் அவள் அந்தக் கம்பெனிக்காரி. எதுக்கு அண்ணே என்று கேட்பாள், காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் விடிந்ததும் கம்பெனி பூராவும் பரவும். வந்த வாயை மூடிக்கொண்டார். சாக்கைத் தலைக்குத் தூக்கிவிட்டவரே அவர்தான். அடுத்த தடவைக்கு இன்னொரு சிவப்பு நூல் சாக்கை ஆணியில் மாட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை. கம்பெனி வண்டி பட்டறையைத் தாண்டிப் போகையில் ஜன்னலிலிருந்து அய்யம்மாள் கையை வெளியே நீட்டினாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, இம்புட்டு என்கிற மாதிரி காட்டினாள். ஏதோ கத்தவும் செய்தாள். வண்டி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பலவேசம் அந்த இடைவெளியையே பார்த்தார். ஒரு விரற்கடைகூட இல்லாத அளவு. அந்தத் துண்டின் அளவேதான்.

கட்டையைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தார். இறுக்கும்போது இரும்பு தட்டுப்பட்டிருக்கிறது, அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார். ஒரு நல்ல மனுசன் என்ன செய்வான்? சைக்கிளை மிதித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடியிருப்பான். இந்த மனுசன் சாயங்காலம் ஐந்து மணிக்கே பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பி வருகிற வண்டியில் அவள் இறங்கிவிடக் கூடாது என்று. வியாழக்கிழமை காலையும் அவள் அதே மாதிரி இரண்டு விரலைக் காட்டினாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. பலவேசம் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அன்றைக்கும் ஐந்து மணிக்கே சாத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தகரம் அதிர்ந்தது. இந்தப் பக்கத்தில் அந்தச் சத்தத்தை யாரும் இடி என்று நினைப்பதில்லை. எல்லாரும் வெளியே ஓடி வந்து, புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். அச்சங்குளம் பக்கம் எழுந்தது. நாகையா டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். ஒரு மணி நேரத்தில் செத்தவர்களின் பேர் வந்துவிட்டது. மூன்று பேர். முதல் பேர் அய்யம்மாள்.

பலவேசம் துட்டிக்குப் போகவில்லை.

கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். எதிராளியாக இருந்தால்கூடச் சாவுக்குப் போவது இந்த ஊர் வழக்கம். அண்ணே என்று கூப்பிட்டவள், அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணி போடக்கூட ஆளில்லாமல் போனாள். பொன்னுத்தங்கம் காறித் துப்பாத குறை. "மனுசனா நீங்க?" என்று கேட்டாள். பதினாறாம் நாளுக்கும் அவர் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? கொன்றவன் வந்து எப்படி ஒப்பாரி கேட்டுக்கொண்டு உட்காருவான்?

விசாரணையில், மருந்துக் கலவை ஈரம் பட்டுச் சூடேறித் தானாகப் பற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. சுடலை அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். அவர் நம்பவில்லை. சிதறிப்போன அறையில் எந்தக் கட்டை எதுவென்று எவன் கண்டான்? அவள் இரண்டு நாள் கைகாட்டிச் சொன்னாள். ஒளிந்துகொண்டது அவர். ஒரு எட்டு போய்க் கேட்டிருந்தால் அந்தக் கட்டையைத் தனியே எடுத்து வைத்திருப்பாள், உயிரோடு இருந்திருப்பாள். இதுதான் அவர் கணக்கு, வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மருந்துக்கட்டைகூட அவர் கடையவில்லை. கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம் என்று கிடைத்ததைச் செய்தார். சுடலை சண்டை போட்டுவிட்டு ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலைப் பக்கம் லாரி வேலைக்குப் போய்விட்டான். சக்கை மூன்று தடவை முறுக்குகிற பழக்கம் அப்போது வந்ததுதான். ஒடிந்த திருகின் மிச்சத்தைச் சக்கிலிருந்து கழற்றி, துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். குளிக்கிற நேரம் தவிர அது மடியை விட்டு இறங்கியதில்லை.

சிவப்பு நூல் சாக்கு ஆணியிலேயே தொங்கியது. எடுக்கவும் தைரியமில்லை, பார்க்கவும் தைரியமில்லை. சில காலையில் கதவைத் திறக்கும்போது காற்றே இல்லாமல் அது ஆடிக்கொண்டிருக்கும். எலியாக இருக்கும் என்று நாகையா சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு விரல்? அது எலி இல்லையே. நாகையா, "சீனி இம்புட்டுப் போதுமா?" என்று விரலைக் காட்டினால் பலவேசம் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பொன்னுத்தங்கம் குழம்புக்கு உப்பு எடுக்கையில் அவள் கையில் அய்யம்மாளின் விரல் தெரியும். பஸ் ஜன்னலில் எவளாவது சில்லறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் அவள்தான். ஆறு வருசம் அந்த விரல்களுக்கு இடையிலேயே அந்த மனுசன் குடியிருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் ஒரு முற்பகல். மிஷின் ஓடி அடங்குகிற நேரம். வாசலில் ஒரு பெண், தோளில் கைக்குழந்தை.

"மாமா, நல்லா இருக்கீகளா? நான் வேல்விழி. அய்யம்மா மக."

பலவேசம் உளியைக் கீழே வைத்தார்.

"பிள்ளையத் தொட்டில்ல போடணும் மாமா. தொட்டில்கம்பு ஒண்ணு வேணும். தாய்மாமன்தான் குடுக்கணும்பாக. எனக்கும் கூடப் பொறந்தவன் இல்ல, அம்மாவுக்கும் இல்ல. அம்மா ஒங்களத்தான அண்ணேன்னு கூப்பிடுவா. அதான் வந்தேன்." அவள் கண் சுவருக்குப் போனது. "ஆத்தாடி, அது எங்கம்மா தச்ச சாக்குல்ல? இன்னுமா வச்சிருக்கீக?"

அவர் சாக்கின் பக்கம் திரும்பவில்லை. "நீ போ தாயி. கடைஞ்சு நானே வீட்டுக்குக் கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னார்.

சேலைத் தொட்டிலின் இரண்டு பக்கத்தையும் விரித்து நிறுத்துகிற கம்பு அது. எடை இல்லாத மஞ்சணத்தி மரத்தில்தான் செய்வார்கள். அன்று பலவேசம் சக்கை மூன்று தடவையோடு நிறுத்தவில்லை. ஐந்தா ஆறா என்று எண்ணவில்லை.  கம்பைக் கடைந்து, அரக்கு ஏற்றி, சிவப்பும் மஞ்சளுமாக வளையம் போட்டு முடித்தபோது வேட்டியெல்லாம் வேர்த்திருந்தது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். செருப்பால் அடித்தாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி.

மறுநாள் காலையில் போனார். ஆறு வருசமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவர், அன்று தெருவுக்குள்ளேயே நடந்தார். அய்யம்மாளின் புருசன் ஊர்க்காவலன் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேல்விழிதான் ஓடி வந்து உள்ளே கூப்பிட்டாள். பலவேசம் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். கம்பை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சக்கை ஒழுங்காகப் பூட்டாதது, திருகு ஒடிந்தது, லோடு போனது, விரல் காட்டியது, ஒளிந்தது. ஒன்றையும் விடவில்லை.

"ஒங்கம்மாவக் கொன்னது நான்தான் தாயி" என்று முடித்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஊர்க்காவலன் கையில் பீடி அணைந்தே போயிருந்தது. வேல்விழி எழுந்து உள்ளே போனாள். ஜன்னல் மாடத்தில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு பழைய பவுடர் டப்பாவோடு திரும்பி வந்து, அதைப் பாயில் கவிழ்த்தாள். கொண்டை ஊசி நாலு. ஊக்கு இரண்டு. ஒரு ஜோடிக் கொலுசு, ஒரு ஜோடி மெட்டி. அவற்றோடு துருப்பிடித்த ஒரு திருகுத் துண்டு.

"இதுவா பாருங்க மாமா."

பலவேசம் மடியை அவிழ்த்தார். துணி முடிச்சுக்குள்ளிருந்த மிச்சத்தை எடுத்து அதோடு சேர்த்தார். ஒடிந்த இடத்தில் ஒடிந்த இடம் போய் உட்கார்ந்தது.

"அன்னிக்குச் சாயங்காலம் அடுப்புல சுருள அள்ளிப் போடையில அம்மா கையில தட்டுப்பட்டுச்சு" என்றாள் வேல்விழி. "நான் மூலையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். 'அண்ணன் மிஷின்ல உள்ளது போல, தேடிக்கிட்டு இருப்பாரு'ன்னா. 'போற வழியிலதான பட்டறை, வண்டிய நிறுத்திக் குடுத்துட்டுப் போயேன்'னேன். 'ஏ கழுத, கம்பெனிக்குப் போறவ இரும்பக் கையில எடுத்துட்டுப் போவாளா'ன்னு ஏசிட்டு, மெட்டியோட இதையும் டப்பாவுல போட்டா. சனிக்கிழம ஒங்களக் கூப்பிட வரையில குடுக்கணும்னு இருந்தா. 'இம்புட்டுத் துண்டு கெடந்துச்சுன்னு வண்டியில இருந்து கைகாட்டிச் சொன்னேன், அண்ணன் கண்டுக்கிடவே இல்ல'ன்னு வியாழக்கிழம வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

பலவேசம் அந்தத் துண்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். அவர் கையே அவள் கை மாதிரி இருந்தது.

"அப்ப ஒங்க கட்டையில ஒண்ணும் இல்ல மாமா. நீங்க ஒண்ணும் செய்யல."

ஊர்க்காவலன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "துட்டிக்கு வந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் மச்சான். பதினாறு நாளும் அந்த டப்பா அந்த மாடத்துலதான கெடந்துச்சு. பொறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லாம நான் அந்த ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்."

பலவேசம் தலையை ஆட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். "அதில்ல மச்சான். புதன்கிழம எனக்கு இது தெரியாதே. வியாழக்கிழமையும் தெரியாதே. கட்டைக்குள்ளதான் இரும்பு இருக்குன்னு நெனச்சுக்கிட்டே, அவ அந்த வண்டியில போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல. அதுக்கு என்ன சொல்லுவீக?"

  மனுசன் விக்கி விக்கி அழுதார். ஐம்பது வயது ஆளின் அழுகை பார்க்கச் சகிக்காது. ஊர்க்காவலன் எழுந்து வெளியே போய், ஒரு செம்பு தண்ணீரோடு திரும்பி வந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

வேல்விழி திருகுத் துண்டை எடுத்து மறுபடி டப்பாவிலேயே போட்டு மூடினாள். "இது அம்மாது. இங்கனயே கெடக்கட்டும்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று பலவேசத்துக்குப் பிடிபடவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அய்யம்மாள் கட்டி அவர் பார்த்திருந்த சேலைதான்.

"கட்டுங்க மாமா. தாய்மாமன் கையாலதான் கட்டணும்."

அவர் எழுந்து, உத்திரத்து வளையத்தில் கயிற்றைப் போட்டுச் சேலையை முடிந்தார். நடுவில் கம்பைச் செருகி விரித்தார். முடிச்சை இரண்டு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி இறுக்கி, மறுபடி இழுத்தார். அதற்குள் பிள்ளை சிணுங்க ஆரம்பித்துவிட்டது. வேல்விழி அதைத் தோளில் தட்டிக்கொண்டே, அவர் மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்து முடிக்கும்வரை தொட்டிலில் போடாமல் நின்றாள்.